குடத்திற்குள் யார் பெயர்?

(ஏதென்ஸ் குடிஅரசும் உத்திரமேரூர்க் குடவோலையும் என்பது பற்றிப் பூந்தமல்லிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது ஏதோ கடல் கடந்த தேசத்துப் பழங்கதை என்று நீங்கள் எண்ணி விடக் கூடாது. கிரேக்க தேசத்து ஏதென்ஸ் பட்டணத்தைப் பற்றி நான் பேசப் போவது உண்மைதான். ஆனால் ஏதென்ஸோடு நிறுத்தப் போவதில்லை. இந்தப் பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகிற சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிக் காஞ்சிபுரம் போய், அங்கிருந்து தெற்கே திரும்பினால் உத்திரமேரூர் வருகிறது. அந்த ஊர்க் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டிலும் நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது எது, தள்ள வேண்டியது எது என்று யோசிப்பதுதான் என் நோக்கம்.

ஏன் இதைப் பேச வேண்டும் என்று கேட்கலாம். புதிய பார்லிமெண்ட் கட்டடத்திற்கு 2020-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி அடிக்கல் நாட்டியபோது பிரதம மந்திரியே உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக் காட்டிப் பேசினார். அதற்கு முன்பும் பின்பும் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து பட்டிமன்றம் வரையில் இந்தப் பெருமை பேசப்பட்டு வருகிறது. “வெள்ளைக்காரன் நமக்கு ஓட்டுப் போடக் கற்றுக் கொடுக்கவில்லை, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நாம் குடம் வைத்து ஓலை எடுத்தவர்கள்” என்கிறார்கள். ஐரோப்பியர்களும் இப்படித்தான், “எங்கள் ஏதென்ஸில் 2,500 வருஷத்துக்கு முன்பே ஜனநாயகம் இருந்தது” என்று சொல்லிக் கொள்ளுகிறார்கள். பெருமை இருக்கட்டும். நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. குடம் இருந்தது சரி, அந்தக் குடத்திற்குள் யாருடைய பெயரைப் போட்டார்கள்?

ஏதென்ஸ் செய்தது என்ன?

முதலில் ஏதென்ஸைப் பார்ப்போம். நம் பழந்தமிழ் நூல்கள் யவனர் என்று சொல்லுகிறார்களே, அந்தக் கிரேக்கருடைய நாடு ஒரே அரசாக இருந்ததில்லை. ஒவ்வொரு பட்டணமும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்து தனித்தனி அரசுகளாக இருந்தன. அவற்றில் ஒன்றுதான் ஏதென்ஸ்.

அங்கேயும் ஆதியில் நிலம் சில பெரிய குடும்பங்களிடத்தில்தான் இருந்தது. ஏழைக் குடியானவன் கடன் வாங்குவான். கொடுக்க முடியாவிட்டால் தன் உடம்பையே அடகு வைப்பான். கடைசியில் அவனும் அவன் பெண்டு பிள்ளைகளும் அடிமையாக விற்கப்படுவார்கள். கி.மு. 594-ல் சோலோன் என்பவர் அதிகாரத்துக்கு வந்து, அந்தக் கடன்களை ரத்துச் செய்து, இனி எவனும் மனித உடம்பை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கக் கூடாதென்று சட்டம் செய்தார். அடமான நிலத்தில் நட்டிருந்த கல்லைப் பிடுங்கி எறியச் செய்தார். இந்த நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்! அதற்குப் பிறகும், நம்முடைய திருவள்ளூர், காஞ்சிபுரம் ஜில்லாக்களிலேயே செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த இருளர் தோழர்களை அதிகாரிகள் போய் மீட்ட சேதி பத்திரிகையில் வந்து கொண்டுதானே இருந்திருக்கிறது?

சோலோனுக்குப் பின் கி.மு. 508-ல் கிளைஸ்தனீஸ் என்பவர் ஒரு பெரிய காரியம் செய்தார். பழைய குலப் பிரிவுகளின் செல்வாக்கை உடைத்து, ஜனங்களை வசிக்கும் ஊரைக் கொண்டு பத்துப் பிரிவாகப் பிரித்தார். கடற்கரையான், பட்டணத்தான், உள்நாட்டான் ஆகிய மூவரும் ஒவ்வொரு பிரிவிலும் கலந்திருக்கும்படி செய்தார். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட ஆலோசனை சபை. இவர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஒருவன் தன் ஆயுளில் இரண்டு தடவைக்கு மேல் இந்தச் சபையில் இருக்க முடியாது. சபையின் தலைவனையும் தினந்தோறும் சீட்டுப் போட்டே எடுத்தார்கள். அரசாங்க முத்திரையும் கஜானாச் சாவியும் அவன் கையில் ஒரு பகல் ஓர் இரவு மட்டும் இருக்கும். மறுநாள் வேறொருவன்! நேற்றுச் செருப்புத் தைத்தவன் இன்று நாட்டின் தலைவன், நாளை மறுபடியும் தன் கடையில் செருப்புத் தைப்பான்.

சீட்டுக் குலுக்குவதற்குக் கல்லிலே வரிசை வரிசையாகத் துளையிட்ட ஒரு பொறியும் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவனுடைய பெயர்த் தகட்டையும் துளையில் செருகி, கறுப்பும் வெள்ளையுமான குண்டுகளைக் குழாய் வழியே விட்டு, எந்த வரிசைக்கு வெள்ளைக் குண்டு வருகிறதோ அந்த வரிசையை எடுத்துக் கொள்ளுவார்கள். அந்தக் கல் இன்றும் ஏதென்ஸ் காட்சிசாலையில் இருக்கிறது. யுத்தம் நடத்தும் தளபதிகளை மட்டும் சீட்டுக்கு விடாமல் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். பதவி முடிந்தவன் கணக்குக் காட்டியே ஆக வேண்டும், காட்டாவிட்டால் வழக்கு.

இதிலே மிகவும் முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். நியாய சபையில் உட்காருகிறவனுக்குப் பெரிக்ளீஸ் காலத்தில் தினப்படி ஏற்படுத்தினார்கள். பின்னாளில் பொதுஜன சபைக்கு வருகிறவனுக்கும் கொடுத்தார்கள். பணக்காரர்கள், “சோம்பேறிகளுக்குச் சம்பளமா?” என்று கூச்சலிட்டார்கள். ஏன் கூச்சல்? கூலி வேலை செய்கிறவன் ஒரு நாள் வேலையை விட்டால் அன்று அடுப்பு எரியாது. தினப்படி இல்லாவிட்டால் அவனுக்கு உரிமை ஏட்டிலே இருக்கும், சபையிலே இராது. இந்தச் சூட்சுமம் ஏதென்ஸ்காரனுக்குத் தெரிந்திருந்தது.

ஏதென்ஸ் தள்ளி வைத்தது யாரை?

இவ்வளவும் மெச்சத்தக்கதுதான். ஆனால் குடத்தைக் கவிழ்த்துப் பார்ப்போம்.

முதலாவது, பெண்கள். ஒரு பெண்ணுடைய பெயரும் அதில் இல்லை. ஏதென்ஸ் பெண் ஒரு குறிப்பிட்ட அளவுத் தானியத்துக்கு மேல் தானாகக் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாது. தகப்பன், புருஷன், மகன் என்று யாராவது ஓர் ஆண் அவளுக்கு எஜமானனாக இருக்க வேண்டும். ஆண் வாரிசு இல்லாத தகப்பன் செத்தால், அந்தப் பெண்ணை நெருங்கிய ஆண் பங்காளிக்குக் கட்டி வைத்து, சொத்தைக் குடும்பத்துக்குள்ளேயே நிறுத்துவார்கள். நம் மனு தர்மம் பேசுவதும் இதே மூன்று எஜமானர்களைத்தானே? தர்ம சாஸ்திரமும் கிரேக்கச் சட்டமும் மற்றெதில் வேறுபட்டாலும் பெண்ணை அடக்குவதில் அண்ணன் தம்பிகளாகவே இருந்திருக்கின்றன.

இரண்டாவது, அடிமைகள். லாரியன் என்னும் இடத்தில் வெள்ளிச் சுரங்கம் இருந்தது. அந்த வெள்ளியைக் கொண்டுதான் கப்பல் கட்டினார்கள்; அந்தக் கப்பலால்தான் கி.மு. 480-ல் பாரசீகனைச் சலாமிஸில் ஜெயித்தார்கள். ஆனால் சுரங்கத்துக்குள்ளே விளக்கு வெளிச்சத்தில் படுத்துக் கொண்டு வெட்டினவன் அடிமை. அவனுடைய பெயரும் குடத்தில் இல்லை.

மூன்றாவது, வெளியூரான். மூன்று தலைமுறையாக ஏதென்ஸிலேயே இருந்து வரி கட்டி யுத்தத்துக்கும் போனவனுக்குக்கூட ஓட்டு இல்லை. கி.மு. 451-ல் பெரிக்ளீஸ், தாய் தகப்பன் இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தாலொழியப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் செய்தார். வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு அவர் மிலேட்டஸ் ஊர்க்காரியான அஸ்பேசியாவோடு வாழ்ந்து ஒரு பிள்ளையைப் பெற்றார். தான் செய்த சட்டத்தாலேயே தன் பிள்ளைக்கு உரிமை இல்லை! மூத்த பிள்ளைகள் இருவரும் கொள்ளை நோயில் செத்த பிறகு, அந்தப் பிள்ளைக்கு விலக்கு வேண்டுமென்று ஜனங்களிடத்திலே கெஞ்ச வேண்டியதாயிற்று. பிறப்பைப் பார்த்து உரிமை கொடுக்கும் சட்டம் செய்தவன் வீட்டுக் கதவையும் தட்டாமல் போகாது என்பதற்கு இது ஒரு பாடம். பேரறிஞர் என்று உலகம் கொண்டாடும் அரிஸ்டாட்டிலே ஏதென்ஸில் வெளியூரான்தான். அவருக்கும் அங்கே ஓட்டில்லை. அப்படிப்பட்டவர், சில மனிதர்கள் பிறவியிலேயே அடிமையாக இருக்கத் தக்கவர்கள் என்று எழுதி வைத்தார். படிப்பு இருந்தால் மட்டும் பகுத்தறிவு வந்து விடாது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஆக, வயது வந்த ஆண்களில் உரிமை பெற்றவர் ஏறக்குறைய 30,000 பேர். அவர்களுக்குச் சோறு போட உழைத்தவர்களோ அதைவிடப் பெருங்கூட்டம்.

சீட்டெடுத்த சபை எப்போதும் நியாயம் செய்தது என்றும் எண்ணி விடாதீர்கள். சூரியன் தேவனல்ல, அது கனன்று கொண்டிருக்கும் ஒரு கல் என்று சொன்ன அனக்ஸகோரஸ் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஊரார் கும்பிடும் தெய்வங்களை ஒப்புக் கொள்ளவில்லை, வாலிபர்களைக் கெடுத்தான் என்று குற்றம் சாட்டி, கி.மு. 399-ல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றதும் இதே சீட்டெடுத்த நீதிபதிகள்தான். பேர் பேராக ஓட்டிருந்தும், புத்தியைக் கோயில் வாசலில் கழற்றி வைத்து விட்டு வந்தால் அந்த ஓட்டு நல்லவனைக் கொல்லத்தான் பயன்படும்.

மோசடியும் இருந்தது. வேண்டாத தலைவனைப் பத்து வருஷம் நாடு கடத்த, உடைந்த சட்டி ஓட்டில் அவன் பெயரைக் கீறிப் போடும் வழக்கம் அங்கே உண்டு. தெமிஸ்டக்ளீஸ் என்பவருடைய பெயர் கீறிய ஓடுகள் 190 ஒரே கிணற்றிலிருந்து கிடைத்தன. பார்த்தால் எல்லாம் 14 பேருடைய கையெழுத்துத்தான்! முன்கூட்டியே எழுதி வைத்து, வருகிறவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். கள்ள ஓட்டு நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல.

உத்திரமேரூர் சொல்வது என்ன?

இனி நம்ம ஊருக்கு வருவோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனுடைய 12-வது, 14-வது ஆட்சி வருஷங்களில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகள் அதில் இருக்கின்றன. முதலில் அதிலுள்ள நல்லதைச் சொல்லி விடுகிறேன். நல்லதை மறைப்பது நம் வழக்கமல்ல.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. நாம் இப்போது வார்டு என்கிறோமே, அது போல. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இட வேண்டும். சபையார் சிறுவரும் பெரியவருமாகக் கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமாரில் வயதில் மூத்தவர் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறு குடத்தில் கொட்டிக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரல் மடக்கினால் ஓலை மாறி விடும் என்று பயந்திருக்கிறார்கள் பாருங்கள்! பிறகு அவன் வாசிக்க, அதே ஓலையை அங்குள்ள நம்பிமாரும் வாசிக்க வேண்டும்.

இப்படி எடுத்த 30 பேரிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இது தவிரப் பஞ்சவார வாரியம், பொன் வாரியம் வேறு. பதவிக் காலம் 360 நாள். முந்திய மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவன் மறுபடி வரக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவின் முறையாரும் வரக் கூடாது. குற்றம் கண்டால் வருஷம் முடிகிற வரையில் காத்திராமல் அப்போதே நீக்க வேண்டும். இன்றைக்கு இந்த ஒரு விதியை அமுலுக்குக் கொண்டு வந்தால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்!

சரி. இனிக் கேள்விக்கு வருவோம். ஓலையில் பெயர் எழுதப்பட யாருக்குத் தகுதி?

முதலில் அந்த ஊரின் முழுப் பெயரைப் பாருங்கள்: உத்தரமேரு சதுர்வேதி மங்கலம். நான்கு வேதம் படித்த பார்ப்பனர்களுக்கு அரசன் கொடுத்த ஊர். சபை என்பதே அவர்களுடைய கூட்டம். மற்றவர்கள் வாழ்ந்த ஊர்க் கூட்டத்துக்கு ‘ஊர்’ என்றும், வணிகர் கூட்டத்துக்கு ‘நகரம்’ என்றும் வேறு பெயர். தகுதி என்னவென்றால்,

கால் வேலிக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கருக்கு மேல், வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும்.

சொந்த மனையில் கட்டிய சொந்த வீடு வேண்டும்.

வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். 919-ம் வருஷ விதியில் இது 30-க்கு மேல் 60-க்குள் என்றிருந்தது.

வேதத்தையும் பிராமணம் என்ற நூற்பகுதியையும் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குப் படித்திருக்க வேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் கற்றவனாக இருந்தால், நிலம் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும்.

வேதத்தைக் காதால் கேட்கவே கூடாதென்று யாரைத் தள்ளி வைத்தார்களோ, அவர்கள் வேதத் தேர்வில் எப்படித் தேறுவது? நீந்தத் தெரிந்தவனுக்குத்தான் பரிசு என்று சொல்லி விட்டு, குளத்தில் இறங்கினால் காலை வெட்டுவேன் என்றால் அது போட்டியா, மோசடியா?

இதோடு நின்றதா? மகா பாதகம் செய்தவன் கூடாது என்று ஒரு விதி. அந்தப் பாதகங்களில் முதலாவது பிரம்மஹத்தி. மற்ற மனிதனைக் கொல்லுவது அந்தப் பட்டியலில் இல்லை. சாதி விலக்கானவர்களோடு பழகிக் கெட்டுப்போனவன், பிராயச்சித்தம் செய்கிற வரையில் கூடாது என்று இன்னொரு விதி. திருடனையும், தீண்டத்தகாதவனோடு உறவாடியவனையும் ஒரே வரிசையில் நிறுத்திய குடவோலை இது!

வயலில் நாற்று நட்டவள் பெயர் அந்த ஓலையில் இல்லை. ஏரிக் கரைக்கு மண் சுமந்தவன் பெயர் இல்லை. ஏரி வாரியம் என்று ஆறு பேர்; அந்த ஏரியை வெட்டியவன் ஒருவன்கூட அதில் இல்லை. அதே சோழ ராஜ்யத்தில், நூறு வருஷம் கழித்து ராஜராஜன் வெட்டிய தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி என்றும், தீண்டாச்சேரி என்றும், பறைச்சுடுகாடு என்றும் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். குடியிருக்கத் தனிச்சேரி, செத்தால் எரிக்கத் தனிச்சுடுகாடு. செத்த பின்னும் விடாத ஜாதி, குடத்திற்குள் மட்டும் எப்படி விட்டு விடும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விதிகளைச் சபையார் தாங்களாகவே செய்யவில்லை. சோழனுடைய ஆணை வந்து, அரசனுடைய அதிகாரி கூட உட்கார்ந்திருக்கத்தான் தீர்மானம் செய்தார்கள். ஏதென்ஸில் அரசனே இல்லை. இங்கேயோ மேலே அரசன், நடுவிலே சபை, கீழே உழைக்கிறவன். இதைக் குடிஅரசு என்று சொன்னால், அக்கிரகாரத்துக் குடிக்கு அது அரசு. மற்ற குடிக்கு அது வெறும் குடம்.

பூந்தமல்லிக்காரர் ஒருவரின் கதை

சில பேர், “இதெல்லாம் சபை விதி, நடைமுறையில் பக்தியினால் எல்லோரும் சமமாக இருந்தார்கள்” என்பார்கள். அதற்கு நான் வேறெங்கும் போக வேண்டாம். உங்கள் ஊர் மனிதரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

திருக்கச்சி நம்பி என்பவர் இந்தப் பூந்தமல்லியில் பிறந்தவர். வைசிய குலம் என்று வைணவர்கள் சொல்லுகிறார்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டு செய்தவர். பெருமாள் அவரோடு நேரில் பேசுவார் என்பது அவர்கள் நம்பிக்கை. பதினோராம் நூற்றாண்டிலே, உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் பிற்பாடு, இருந்தவர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரே அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்டார். ஒரு நாள் அவரைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நம்பி வந்தபோது ராமானுஜர் வீட்டில் இல்லை. அந்த அம்மாள் சோறு போட்டாள். நம்பி சாப்பிட்டுப் போனதும் இலையைத் தள்ளி எறிந்து, இடத்தை மெழுகி, தலை முழுகி விட்டு, அதற்குப் பிறகே புருஷனுக்குப் புதிதாகச் சமைத்தாளாம்.

இதை நான் கற்பிக்கவில்லை. அவர்களுடைய குருபரம்பரைக் கதைகளே சொல்லுகின்றன. ராமானுஜர் அதற்காக வருந்தினார் என்றும் சொல்லுகின்றன. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். சாமியோடு பேசுகிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர் சாப்பிட்ட இடமே தீட்டு என்றால், சாமியோடு பேசாத நம் பாட்டன் பூட்டன் கதி என்ன? அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு அப்படிக் கற்றுக் கொடுத்த சாஸ்திரத்தின் மேல்தான் கோபம்.

இங்கே ஏதென்ஸைத் திரும்பிப் பாருங்கள். ஏதென்ஸின் அடிமைத்தனம் கொடியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அடிமை சமைத்ததை எஜமானன் தின்றான். எஜமானன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனதும் அடிமைதான். தெருவிலே அடிமை நமக்கு வழி விடுவதில்லை, உடையைப் பார்த்தும் அடிமை யார் குடிமகன் யார் என்று தெரியவில்லை என்று அந்தக் காலத்து ஏதென்ஸ் பணக்காரன் ஒருவன் புலம்பி எழுதி வைத்திருக்கிறான். பேசியான் என்பவன் வட்டிக் கடையில் அடிமையாக இருந்து, விடுதலை பெற்று, அந்தக் கடைக்கே முதலாளியாகி, கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் குடியுரிமையும் பெற்றான். அடிமை என்பது அங்கே ஒரு மனிதனுடைய நிலைமை, மாறக் கூடியது. ஜாதி என்பது இங்கே பிறப்பு, மாறாதது. அங்கே பேசியான் பணம் கொடுத்துக் குடிமகனானான். இங்கே நந்தன் கோயிலுக்குள் போக வேண்டுமானால் நெருப்பில் இறங்கி வெந்து போக வேண்டும் என்று புராணம் எழுதினார்கள். இரண்டும் அக்கிரமம்; ஆனால் ஒன்றில் வாசல் இருந்தது, மற்றொன்றில் சுவர் மட்டுமே இருந்தது.

இன்றைய குடம்

“பழங்காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?” என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பழங்காலத்தைப் பழங்காலமாகவே விட்டு வைத்தால் நான் ஏன் அளக்கப் போகிறேன்? அதை இன்றைய மேடைக்குக் கொண்டு வந்து, இதுதான் நம் ஜனநாயகத்தின் தாய் என்று மாலை போட்டால், அந்தத் தாய் எத்தனை பிள்ளைகளைப் பட்டினி போட்டாள் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கத்தானே செய்வார்கள்?

எல்லோருடைய பெயரும் குடத்தில் விழுந்தது எப்போது? 1921-ல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு ஓட்டு உண்டென்று தீர்மானித்தது. ஆனால் சொத்துள்ள சிலருக்குத்தான். 1929 பிப்ரவரியில், பூந்தமல்லியும் உத்திரமேரூரும் அன்று சேர்ந்திருந்த செங்கற்பட்டு ஜில்லாவிலே, செங்கற்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, ஜாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்றும், பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. அப்போது சிரித்தார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. நிலம், வீடு, வேதம் எதுவும் கேட்காமல் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்பது 1950-ம் வருஷத்து அரசியல் சட்டத்தால்தான் வந்தது. ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்ற கிரேக்க தேசத்திலேயே பெண்களுக்குப் பார்லிமெண்ட் ஓட்டுரிமை முழுமையாக வந்தது 1952-ல்தான்! ஆக, நம் உரிமை ஏதென்ஸ் கொடுத்ததுமல்ல, உத்திரமேரூர் கொடுத்ததுமல்ல. அவ்விரண்டும் தள்ளி வைத்தவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது.

வாங்கியாகி விட்டது என்று தூங்கலாமா? 1996-ல் தாழ்த்தப்பட்டோருக்கென்று சில பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளை ஒதுக்கினார்கள். மதுரை ஜில்லா மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் அவர்களை, 1997 ஜூன் 30-ந் தேதி பஸ்ஸை மறித்து, கூட இருந்த தோழர்களோடு வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 2006 வரை பத்து வருஷம் அந்தத் தேர்தலையே நடத்த விடவில்லை. 2020-ல் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். அதே வருஷம் நம் திருவள்ளூர் ஜில்லாவிலேயே, ஆத்துப்பாக்கத்தில், சுதந்தர தினத்தன்று தாழ்த்தப்பட்ட பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. பிறகு கலெக்டர் முன்னின்று ஏற்ற வைக்க வேண்டியதாயிற்று. இன்னும் சில ஊர்களில் கோயில் திருப்பணிக்கு யார் அதிகப் பணம் தருகிறானோ அவனுக்கே தலைவர் பதவி என்று ஏலம் போட்ட சேதியும் வந்தது. உத்திரமேரூரில் கால் வேலி நிலம் கேட்டார்கள். இவர்கள் ரொக்கமாகவே கேட்கிறார்கள்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? சட்டம் பெயரைக் குடத்தில் போட்டது. ஆனால் ஊரார் மனத்திலிருக்கிற ஜாதி, அந்த ஓலையை எடுத்துக் கிழித்துப் போடுகிறது. கொன்றவனும் தடுத்தவனும் எல்லோரும் பார்ப்பனரா? இல்லை. சூத்திரன் என்று மேலே உள்ளவன் சொன்னதை எதிர்க்கிறவனே தனக்குக் கீழே ஒருவனை வைத்துக் கொள்ள ஆசைப்படுகிறான். நான் சொல்லுவது உங்களில் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் மருந்து மருந்துதான். மேலே இருப்பவனோடு சமத்துவம் கேட்கிறவன், கீழே இருப்பவனுக்குச் சமத்துவம் கொடுத்த பிறகு கேட்கட்டும்.

ஆகவே தோழர்களே! ஏதென்ஸிடமிருந்து தினப்படியின் நியாயத்தையும், பதவியை ஒருவனிடம் நிலைக்க விடாத புத்தியையும் எடுத்துக் கொள்ளுவோம். உத்திரமேரூரிடமிருந்து விரித்த உள்ளங்கையையும், கணக்குக் காட்டாதவனைக் குடும்பத்தோடு தள்ளும் கண்டிப்பையும் எடுத்துக் கொள்ளுவோம். பிறப்பையும் வேதத்தையும் ஆண் என்ற அகங்காரத்தையும் அந்தந்தச் சுவரிலேயே விட்டு விடுவோம்.

சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். குடிஅரசு தினம், மே தினம், சுதந்தர தினம், காந்தி பிறந்த நாள் என்று வருஷத்தில் சில நாட்கள் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. அன்றைக்குப் போங்கள். உங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்துக் கொண்டு போங்கள். சேரித் தோழர்கள் பின்னால் நின்றால், நீங்களும் போய் அங்கே நில்லுங்கள். அல்லது அவர்களை முன்னால் உட்கார வையுங்கள். ஏரி என்ன ஆயிற்று, பணம் என்ன ஆயிற்று என்று கணக்குக் கேளுங்கள். தலைவர் எந்த ஜாதியாயிருந்தாலும் நாற்காலியில் உட்காருகிறாரா என்று பாருங்கள். உட்காரவில்லையானால் அந்தச் சபை நடக்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

உத்திரமேரூர் தூரமில்லை. கல்வெட்டு சுவரிலேயே இருக்கிறது. ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போய்க் காட்டுங்கள். குடத்தின் அழகைச் சொல்லுங்கள். அதில் நம் பெயர் இல்லாதிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.